புத்தகமா, அதன் தாளா?

கேள்வி: ஸ்காட் தபால்தலைக் கேட்லாகின் அமெரிக்கப் பகுதியில் சில எண்கள் 300பி என்றும், சில 'பி.கே.' என்று தொடங்கியும் வருகின்றன. இரண்டும் புக்லெட், அதாவது தபால்தலைப் புத்தகம்தானே? விலை மட்டும் ஏன் வேறு?

பதில்: இரண்டும் ஒன்றல்ல. தபால்தலையின் எண்ணுக்குப் பின்னால் சிறிய ஆங்கில எழுத்து ஒட்டி வந்து, 'புக்லெட் பேன்' என்று விளக்கமும் இருந்தால், அது புத்தகத்துக்குள் இருக்கும் ஒரு தாள் மட்டுமே. 300பி என்பது ஒரு சென்ட் பிராங்க்ளின் தபால்தலைகள் ஆறு கொண்ட தாள். 'பி.கே.' எண்தான் அட்டை, தாள்கள், கம்பிப் பின் எல்லாம் சேர்ந்த முழுப் புத்தகம்.

1900-இல் அமெரிக்கா வெளியிட்ட முதல் புக்லெட்டையே பாருங்கள். 25 சென்ட் புத்தகத்தில் இரண்டு சென்ட் தலைகள் பன்னிரண்டு. அதாவது ஆறு ஆறாக இரண்டு தாள்கள். தலைகளின் மதிப்பு 24 சென்ட், மீதி ஒரு சென்ட் புத்தகத்துக்கு! தலைகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க இடையில் மெழுகுத்தாளும் உண்டு. தாளுக்காகப் பலர் புத்தகத்தைப் பிரித்துவிட்டதால், முழுமையாகத் தப்பியவை அரிது. விலை ஏறுவது அதனால்தான்.

தாளை வாங்கும்போது, பின் அடிக்கப்பட்ட ஓரப்பட்டை கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கேட்லாக் விலை அது உள்ள தாளுக்குத்தான். முழுப் புத்தகம் கையில் கிடைத்தால், தயவுசெய்து பிரிக்காதீர்கள்.