பாட்டிக்கு ஓர் உத்தியோகம்

இருவரும் வேலைக்குப் போகிறோம். மூன்றாம் வகுப்பு மகள் மாலையில் பாட்டியோடு சேர்ந்து சீரியல் பார்க்கிறாள். டியூஷனில் சேர்க்கலாமா?
– வாசகி, கரமனை, திருவனந்தபுரம்

வீட்டிலேயே டீச்சர் இருக்கும்போது டியூஷன் எதற்கு? பள்ளி விட்டு வந்ததும் பலகாரம், பிறகு இருட்டும்வரை விளையாட்டு. அடுத்து பாட்டிக்கு உத்தியோகம்: பேத்தி தமிழ் வாசிக்க, அவர் திருத்தட்டும். மலையாளம் பள்ளியில் வந்துவிடும். தமிழ் உங்கள் வீட்டில்தான் வர வேண்டும். விடுமுறை நாளில் பாளையத்தில் உள்ள, 1829இல் தொடங்கிய பொது நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள். புத்தகத்தை அவளே எடுக்கட்டும். உங்கள் வார்டில் குடும்பஸ்ரீ மகளிர் அமைப்பின் சிறுவர் மன்றமான பாலசபை நடந்தால் அதிலும் அவளைச் சேர்த்துவிடுங்கள். ராத்திரிச் சாப்பாடு எல்லோரும் ஒன்றாக, செல்போன் இல்லாமல். அப்போது “என்ன படித்தாய்?” என்று கேட்காமல், “யாரோடு விளையாடினாய்?” என்று கேளுங்கள். சீரியலை விடச் சுவாரசியமான கதை வரும்!