மிரர் இருந்தால் பேக்கப் வேண்டாமா?

வீட்டுக் கணினியில் இரண்டு ஹார்டு டிஸ்க்கைப் பொருத்தி, ஒன்றில் எழுதுவதெல்லாம் அதே நேரத்தில் மற்றதிலும் எழுதப்படும்படி அமைப்பதை மிரரிங் என்கிறார்கள். ரெய்டு 1 என்று சொல்வதும் இதைத்தான். கல்யாண வீடியோ, பிள்ளைகளின் படங்கள், கடைக் கணக்கு, பத்திரங்களின் ஸ்கேன் என்று திரும்பக் கிடைக்காதவை எல்லாம் இன்று ஒரே டிஸ்க்கில் கிடக்கின்றன. அது ஒரு நாள் சாகும் என்ற பயத்தில்தான் பலர் இதைத் தேடி வருகிறார்கள். பயம் நியாயமானது. ஆனால் மிரர் எதைக் காக்கும், எதைக் கைவிடும் என்பதில் தவறான நம்பிக்கைகள் ஊறிப்போயிருக்கின்றன. இரண்டாவது டிஸ்க்குக்குக் காசு கொடுக்கும் முன்பே அவற்றைக் களைந்துவிடுவது நல்லது.

நம்பிக்கை: டேட்டா இரண்டு டிஸ்க்கிலும் இருக்கிறது, தனியாக பேக்கப் எதற்கு?

எல்லாவற்றிலும் அதிகக் கேடு விளைவிப்பது இந்த நம்பிக்கைதான்.

மிரர் எதற்காக வந்தது என்று பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும். 1970களில் டாண்டெம் என்ற அமெரிக்க நிறுவனம், ஏதாவது ஒரு பாகம் பழுதானாலும் நின்றுவிடாத கணினிகளை வங்கி போன்ற இடங்களுக்காகச் செய்து விற்றது. டிஸ்க்குகளை ஜோடியாக வைப்பது அந்த ஏற்பாட்டில் ஒன்று. 1988இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் மூவரும், பல டிஸ்க்குகளைக் கூட்டாக இயக்கும் முறைகளை ஐந்து நிலைகளாக வகுத்துக் கட்டுரை எழுதினார்கள். ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த மிரர் முறையை அதில் முதல் நிலையாக வைத்தார்கள். ரெய்டு 1 என்ற பெயர் அங்கிருந்து வந்தது. டிஸ்க் ஒன்று செத்தாலும் வேலை நிற்கக் கூடாது, அவ்வளவுதான் அதன் வேலை. நேற்று இருந்த ஃபைலை இன்று திருப்பிக் கொடுக்க அதை யாரும் வடிவமைக்கவில்லை.

ஒரு ஃபோல்டரைத் தவறுதலாக அழித்தால், அந்த நொடியே இரண்டு டிஸ்க்கிலும் அது அழிகிறது. 2017 மே மாதம் உலகமெங்கும் பரவிய வான்னாக்ரை போன்ற ரேன்சம்வேர் புகுந்து ஃபைல்களைப் பூட்டினால், இரண்டு பிரதிகளும் சேர்ந்தே பூட்டப்படும். இரண்டு டிஸ்க்குக்கும் மின்சாரம் ஒரே எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போகிறது, இடி மின்னலில் அது வெடித்தால் இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். திருடன் கேபினட்டைத் தூக்கிப்போனாலும் அதே கதி. 2015 டிசம்பரில் சென்னையின் தரைத்தள வீடுகளுக்குள் வெள்ளம் ஏறியதே, அப்போது ஒரே பெட்டிக்குள் எத்தனை டிஸ்க் இருந்திருந்தாலும் எல்லாம் ஒன்றாகத்தான் மூழ்கியிருக்கும்.

லாரியின் பின்பக்கம் டயர்கள் ஜோடியாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று பஞ்சரானால் பக்கத்து டயர் பாரத்தைத் தாங்கும், வண்டி கடை வரை போய்ச் சேரும். ஆனாலும் இரண்டும் ஒரே பள்ளத்தில்தான் இறங்குகின்றன. அதனால்தான் ஜோடி டயர் இருக்கிறதே என்று எந்த டிரைவரும் ஸ்டெப்னியை இறக்கி வைப்பதில்லை. மிரர் ஜோடி டயர், பேக்கப் ஸ்டெப்னி.

இதில் என் தீர்ப்பு உறுதியானது. இரண்டு டிஸ்க்குக்கு மட்டுமே கையில் காசு இருந்தால் மிரர் வேண்டாம். இரண்டாவதை எக்ஸ்டர்னல் டிஸ்க்காக வாங்குங்கள். வாரம் ஒருமுறை டேட்டாவை அதில் நகலெடுத்து, கேபிளைக் கழற்றி பீரோவில் வையுங்கள். மூன்றாவது டிஸ்க் வாங்க முடிகிற அன்று மிரரைப் பற்றி யோசிக்கலாம். மூன்று பிரதிகள், இரண்டு வகை சாதனங்கள், ஒரு பிரதி வீட்டுக்கு வெளியே என்று புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பிய விதி இன்றும் செல்லுபடியாகிறது. வெளியே இருக்கும் பிரதி கிளவுடில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, அக்கா வீட்டு அலமாரியிலும் இருக்கலாம்.

பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, அதிலிருந்து ஃபைல் திரும்ப வருகிறதா என்று பார்த்தும் ஆக வேண்டும். 1998இல் பிக்ஸார் நிறுவனத்தில் டாய் ஸ்டோரி 2 தயாராகிக்கொண்டிருந்தபோது, தவறான ஒரு கட்டளையால் படத்தின் ஃபைல்கள் மளமளவென்று அழிந்தன. பேக்கப்பைத் தேடிப் போனால் அது ஒழுங்காக வேலை செய்யாமலே இருந்திருக்கிறது. குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினியில் இருந்த பிரதிதான் படத்தை மீட்டது.

நம்பிக்கை: ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கிய ஜோடிதான் சிறந்தது. இரண்டும் ஒன்றாகவா சாகும்?

சாகலாம். மிரரின் பலம் முழுக்க ஒரே ஓர் அனுமானத்தில் நிற்கிறது: ஒரு டிஸ்க்கின் சாவுக்கும் மற்றதன் சாவுக்கும் தொடர்பில்லை என்பது. ஒரே தொழிற்சாலையில், ஒரே வாரத்தில் செய்து, ஒரே பார்சலில் வந்து, ஒரே பெட்டிக்குள் ஒரே சூட்டில் ஓடும் இரண்டு டிஸ்க்குகளுக்கு அந்த அனுமானம் பொருந்தாது.

1988 கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவரான அதே கார்த் கிப்சன், பியாங்கா ஷ்ரோடருடன் சேர்ந்து 2007இல் பெரிய கணினி மையங்களின் டிஸ்க் மாற்றப் பதிவுகளை ஆராய்ந்தார். தயாரிப்பாளர்களின் கணக்குப்படி ஆண்டுக்கு 0.88 சதவீதத்துக்கு மேல் பழுதாகக் கூடாது. நடைமுறையில் 2 முதல் 4 சதவீதம் சாதாரணமாக இருந்தது, சில இடங்களில் 13 சதவீதம் வரை போனது. நமக்கு இங்கே அதைவிட முக்கியமானது இன்னொரு முடிவு. டிஸ்க் பழுதுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி வரவில்லை, ஒன்றையொட்டி ஒன்றாகக் கூடி வந்தன.

எஸ்எஸ்டி வந்த பிறகு இந்தக் கவலை போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். தன் சர்வர்களுக்கான சில எஸ்எஸ்டி மாடல்களில், அவற்றுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரில் உள்ள பிழையைப் பற்றி 2019 நவம்பரில் ஹெச்பிஇ நிறுவனம் எச்சரித்தது. சரியாக 32,768 மணி நேரம், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரம் ஓடியதும் அவை செத்துவிடும், டேட்டாவையும் மீட்க முடியாது. ஒரே நாளில் இயக்கத்துக்கு வந்த ஜோடி என்றால் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் இரண்டும் போகும். ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பதுதான் தீர்வாக இருந்தது.

ஆகவே ஒரே கொள்ளளவில் வெவ்வேறு கம்பெனி டிஸ்க்குகளை வாங்குங்கள். அது முடியாவிட்டால் வெவ்வேறு கடையில், சில மாத இடைவெளியில் வாங்குங்கள். அளவு நூலிழை வேறுபட்டாலும் கவலையில்லை, சிறியதன் அளவுக்கு மிரர் அமையும். பார்ட்டிஷன் போடும்போதே கடைசியில் கொஞ்சம் இடத்தைக் காலியாக விடுங்கள். பிறகு மாற்றுக்கு வாங்கும் டிஸ்க் சில செக்டார் குறைவாக இருந்தாலும் சேர்ந்துகொள்ளும்.

நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டிகளான நாஸ்களுக்கென்று விற்கும் டிஸ்க்குக்குக் கொஞ்சம் அதிகம் கொடுப்பதும் வீண் செலவில்லை. படிக்க முடியாத செக்டார் வந்தால் அவை சுமார் 7 விநாடியில் முயற்சியைக் கைவிட்டுப் பிழையைச் சொல்லிவிடும், மிரர் அடுத்த டிஸ்க்கிலிருந்து படித்துக்கொள்ளும். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் நிமிடக்கணக்கில் மல்லுக்கட்டக்கூடும். பதில் வராததைப் பார்த்து, டிஸ்க்கே செத்துவிட்டதென்று ரெய்டு அதைக் கழற்றிவிடும்.

நம்பிக்கை: ஒரு டிஸ்க் போனால் நமக்குத் தெரியாமலா இருக்கும்?

தெரியாமல் போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். மிரர் நன்றாக வேலை செய்கிறது என்பதே இங்கே ஆபத்தாகிறது. ஒரு டிஸ்க் செத்த பிறகும் கணினி வழக்கம்போல் ஓடும், படங்கள் திறக்கும், புதிய ஃபைல்கள் பதிவாகும். மாதக்கணக்கில் ஒற்றை டிஸ்க்கில் ஓடிக்கொண்டிருப்பதை, அதுவும் போகிற அன்றைக்குத்தான் வீட்டார் அறிவார்கள்.

டிஸ்க் தன் நிலையைத் தானே கண்காணித்துத் தரும் ஸ்மார்ட் எச்சரிக்கை முன்கூட்டியே சொல்லிவிடும் என்றும் நம்பிவிட முடியாது. கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் எழுதினார்கள். பழுதானவற்றில் பாதிக்கு மேல், முக்கியமான நான்கு ஸ்மார்ட் அளவுகளில் எந்த அறிகுறியும் காட்டாமலே போயிருந்தன.

எனவே கணினி தானாக உங்களுக்குச் சொல்லும்படி செய்துவையுங்கள். லினக்ஸில் மிரரை அமைத்து நிர்வகிக்கும் எம்டிஆட்ம் கருவியில் உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து, சோதனை அஞ்சல் ஒன்று வந்து சேர்வதையும் கண்ணால் பாருங்கள். விண்டோஸில் மிரரை அமைக்கும் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் பக்கத்தை மாதம் ஒருமுறை திறந்து பார்த்தாலே நிலைமை தெரிந்துவிடும்.

இன்னொரு வேலையை டிஸ்க்குகளைப் பொருத்தும் நாளிலேயே முடித்துவிட வேண்டும். ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி, கேபினட்டைத் திறந்ததும் தெரியும் பக்கத்தில் ஒட்டுங்கள். பழுதானதை மாற்றுகிற பதற்றத்தில் நல்ல டிஸ்க்கைக் கழற்றிவிடுவது அடிக்கடி நடக்கிற விபத்து.

நம்பிக்கை: மதர்போர்டிலேயே ரெய்டு இருக்கிறது. அது ஹார்டுவேர், அதனால் உசத்தி.

பெரும்பாலான வீட்டு மதர்போர்டுகளில் ரெய்டுக்கென்று தனி சிப் கிடையாது. பூட் ஆகும்வரை ஃபர்ம்வேர் கைகொடுக்கும், அதற்குப் பிறகு வேலையைச் செய்வது டிரைவர் மென்பொருளும் உங்கள் புராசஸரும்தான். மிரரிங்குக்குப் புராசஸர் பெரிதாக உழைக்க வேண்டியதில்லை என்பதால் வேகத்தில் குறை தெரியாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. போர்டு பழுதாகி வேறு கம்பெனி போர்டு வாங்கினால், அது பழைய மிரரை அடையாளம் காணாமல் போகலாம். போர்டின் பேட்டரி தீர்ந்து அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பினால் ரெய்டு மோடும் மாறிவிடக்கூடும். அப்போது கணினி இரண்டையும் தனித்தனி டிஸ்க்காகப் பார்க்கும்.

இயங்குதளத்தின் சொந்த மென்பொருளால் அமைத்த மிரர் அந்த போர்டை நம்பி இல்லை. எம்டிஆட்மில் அமைத்த ஒரு டிஸ்க்கை மட்டும் எடுத்துப்போய் வேறொரு லினக்ஸ் கணினியில் மாட்டினால் டேட்டாவைப் படிக்கலாம். வீட்டுக்கு இதையே நான் பரிந்துரைப்பேன்.

நம்பிக்கை: இரண்டு டிஸ்க் என்றால் இரண்டு மடங்கு வேகம்.

இல்லை. எழுதும் வேகத்தை முடிவுசெய்வது இரண்டில் மெதுவானது. ஒரே நேரத்தில் பல வேலைகள் படிக்கும்போது மட்டும் லாபம் உண்டு.

நம்பிக்கை: ஒரு பிரதி கெட்டால், மற்றதைப் பார்த்து மிரர் சரிசெய்துவிடும்.

பாதி உண்மை. படிக்க முடியவில்லை என்று டிஸ்க்கே சொன்னால், மிரர் அடுத்ததிலிருந்து படித்துச் சரிசெய்யும். டிஸ்க் எதுவும் சொல்லாமல் தப்பான டேட்டாவைக் கொடுத்தால்? சாதாரண மிரர் ஒவ்வொரு முறையும் இரண்டையும் ஒப்பிட்டுப் படிப்பதில்லை. ஒப்பிட்டாலும் எது சரி, எது தப்பு என்று தீர்ப்புச் சொல்ல அதனிடம் சான்று இல்லை. லினக்ஸின் வழக்கமான மிரரைப் பழுதுபார்க்கச் சொன்னால், ஒன்றில் இருப்பதை மற்றதன்மேல் எழுதிவிடும். கெட்டது நல்லதை அழிக்கவும் கூடும்.

2005இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட இசட்எஃப்எஸ், பிறகு வந்த பிடிஆர்எஃப்எஸ் ஆகிய ஃபைல் சிஸ்டங்கள் இதற்கு விடை வைத்திருக்கின்றன. ஒவ்வொரு துண்டு டேட்டாவுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைச் சேர்த்துவைப்பதால் எந்தப் பிரதி கெட்டது என்று அவற்றுக்குத் தெரியும். இருபது வருஷப் படங்களை வைத்திருப்பவர்கள் இதைக் கற்றுக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவிடலாம். எந்த முறையானாலும், முழு டிஸ்க்கையும் மாதம் ஒருமுறை படித்துச் சோதிக்கும் ஏற்பாட்டை நிறுத்தாதீர்கள்.

நம்பிக்கை: இருக்கிற டிஸ்க்கோடு புதியதைச் சேர்த்தால் போதும், டேட்டா தானாக நகலாகிவிடும்.

இப்படி நம்பித்தான் பலர் முதல் நாளிலேயே எல்லாவற்றையும் இழக்கிறார்கள். விண்டோஸின் ஸ்டோரேஜ் ஸ்பேசஸில் சேர்க்கும் ஒவ்வொரு டிஸ்க்கும் முதலில் முழுக்கத் துடைக்கப்படும். விண்டோஸ் பூட் ஆகும் சி டிரைவை அதில் வைக்கவும் முடியாது. லினக்ஸிலும் டேட்டா உள்ள பார்ட்டிஷன்மேல் அப்படியே மிரர் உருவாக்கினால், அதன் குறிப்புகள் ஃபைல் சிஸ்டத்தின்மேல் எழுதப்பட்டு அதைக் கெடுத்துவிடும்.

லினக்ஸில் பாதுகாப்பான வழி இது. புதிய டிஸ்க்கை மட்டும் வைத்து, இன்னொன்று இப்போதைக்கு இல்லை என்று சொல்லி, பாதி மிரராக உருவாக்க வேண்டும். பழைய டிஸ்க்கிலிருந்து டேட்டாவை அதற்கு நகலெடுத்து, ஃபைல்கள் திறக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகே பழைய டிஸ்க்கை மிரரில் சேர்க்க வேண்டும். சேர்த்ததும் ஒத்திசைவு தொடங்கும். விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் 4 டிபி டிஸ்க்குக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்த வேலை நடக்கும்போது பேக்கப் வேறொரு டிஸ்க்கில் தனியாக இருக்க வேண்டும், கணினி யுபிஎஸ்ஸில் ஓட வேண்டும்.

லினக்ஸையே மிரரிலிருந்து பூட் செய்பவர்கள் பூட்லோடரை இரண்டு டிஸ்க்கிலும் நிறுவ வேண்டும். பூட்லோடர் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷன் பொதுவாக மிரருக்கு வெளியே இருப்பதால், அது தானாக நகலாகாது. முதல் டிஸ்க் செத்தால் டேட்டா பத்திரமாக இருக்கும், ஆனால் கணினி எழுந்திருக்காது.

மிரர் ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் பேக்கப் எடுங்கள். கணினியை அணைத்துவிட்டு, ஒரு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி மீண்டும் இயக்குங்கள். பூட் ஆகிறதா, ஃபைல்கள் திறக்கின்றனவா, எச்சரிக்கை அஞ்சல் வருகிறதா என்று பாருங்கள். பிறகு மறுபடி அணைத்து, கேபிளை மாட்டி, ஒத்திசைவு முடியும்வரை காத்திருங்கள். அது முடிந்ததும் அடுத்த டிஸ்க்குக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள்.