எஞ்சின் வால்வுகளின் கசிவும் அதன் நிவர்த்தியும்

1920-ம் வருஷத்தில் ஜி. டி. நாயுடு அவர்கள் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விடத் தொடங்கினார். அப்பாதையின் நடுவேயுள்ள உடுமலைப்பேட்டை இப்பொழுது திருப்பூர் ஜில்லாவைச் சேர்ந்ததாகும். எருதும் கவலையும் கொண்டு நீர் இறைத்து வந்த கொங்கு நாட்டுத் தோட்டங்களில் பின்னர் எண்ணெய் எஞ்சினும், 1932-ல் பைக்காரா மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கிய பிறகு மின்சார மோட்டாரும் வந்து அமர்ந்தன. ஆயினும், மின்சாரம் தடைப்படும் வேளைக்கென்று பழைய எஞ்சினைக் கைவிடாத தோட்டங்களும், பாட்டனார் காலத்து மோட்டார் காரைப் போற்றி வைத்திருக்கும் வீடுகளும் இன்றும் உண்டு. இவ்விரண்டுக்கும் பொதுவாக நேரும் கோளாறு வால்வுக் கசிவாகும்.

எஞ்சினுக்குள் காற்றையோ எரிவாயுவையோ உள்ளே விடுவதற்கு ஒரு வால்வும், எரிந்த புகையை வெளியே தள்ளுவதற்கு ஒரு வால்வும் இருக்கின்றன. இவை மூடியிருக்கும்போது தத்தம் சீட்டின்மீது சுற்றிலும் இடைவெளியின்றிப் படிந்திருத்தல் வேண்டும். புகை வால்வின் தலை வேலை செய்யும்போது எழுநூறு டிகிரி சென்டிகிரேடு அளவுக்குச் சூடேறுகிறது. அச்சூட்டின் பெரும்பகுதி சீட்டின் வழியாகவே இறங்கிச் செல்ல வேண்டும். படியாத இடத்தில் சூடு இறங்குவதில்லை. அத்துடன் நெருப்பும் அவ்வழியே பாயும். வரப்பில் நண்டு வளையின் வழியே கசியும் நீர் வளையைப் பெரிதாக்கி, முடிவில் வரப்பையே உடைத்துச் செல்வது போல, மயிரிழையளவு கசிவு சில நாட்களில் வால்வின் ஓரத்தைக் கடித்தெடுத்துவிடும். பருத்தி காய் பிடிக்கும் தருணத்தில் எஞ்சின் நின்றுவிட்டால், அந்தத் தண்ணீரைப் பின்னால் கொடுத்து ஈடு செய்ய முடியாது.

எஞ்சின் எளிதில் கிளம்பாமை, பலம் குன்றுதல், புகைக் குழாயில் விட்டு விட்டு ‘புஸ்’ஸென்ற சப்தம் ஆகியவை கசிவின் அடையாளங்கள். ஆனால் பிஸ்டன் ரிங் தேய்ந்தாலும் பலம் குன்றும். இதைப் பகுத்தறியாமல் புது ரிங்குகளை வாங்கிப் போட்டுப் பணத்தை இழப்பவர் அனேகர். பரீக்ஷை எளிது. எரிபொருளை அடைத்து, காராயின் மின்பொறியையும் நிறுத்திவிட்டு, எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றி, அழுத்தம் ஏறும் இடத்தில் தாங்கிப் பிடித்தல் வேண்டும். புகைக் குழாயில் காற்றுச் சீறினால் புகை வால்வும், காற்று வடிகட்டியிலோ கார்புரேட்டரிலோ சீறினால் உள்வால்வும், எண்ணெய் ஊற்றும் வாயில் சீறினால் ரிங்கும் பழுதாகும். சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி சுற்றினால் ஐயம் முற்றும் தீரும். அழுத்தம் கூடினால் குறை ரிங்கில், கூடாவிடில் வால்வில். டீசல் எஞ்சினில் இவ்வளவுக்கு மேல் எண்ணெய் விடுதல் ஆபத்து. பிஸ்டனுக்கு மேலுள்ள இடம் மிகச் சிறிது.

ஹெட்டைக் கழற்றுமுன் டேப்பெட் இடைவெளியைப் பார்த்தல் வேண்டும். இடைவெளியே இல்லாத வால்வு ஒருபோதும் முழுதும் மூடாது. பாதிக் கோளாறுகள் இத்துடனே தீர்ந்துவிடுவதுண்டு.

தீராவிடில் ஹெட்டைக் கழற்றி, வால்வுகளை எடுத்து, எந்த வால்வு எந்தச் சீட்டுக்கு உரியது என்று எண் குறித்து வைத்தல் அவசியம். கரியைச் சுரண்டிய பின், வால்வைக் கைடில் இட்டுப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். வெகுவாக ஆடினால் முதலில் கைடை மாற்றுதல் வேண்டும். இல்லையேல் பிற்பாடு செய்யும் வேலையெல்லாம் வீண். ஓரம் கத்தி வாய்போல் மெலிந்த வால்வும், வளைந்த வால்வும் உதவா. ஆழமான குழிகள் விழுந்திருந்தால் அவற்றைக் கையால் அரைத்துப் போக்க முயல்வது தவறு. அவ்வாறு மணிக்கணக்காய் அரைத்தால் வால்வில் பள்ளம் விழுமேயன்றிக் குழி போகாது. பட்டறையில் வால்வைக் கடைந்து, சீட்டையும் வெட்டிக் கொண்டு வருதல் நலம்.

குழி ஆழமில்லையேல், கிரைண்டிங் பேஸ்ட் என்னும் அரைப்புப் பசையைச் சாய்ந்த முகத்தில் மட்டும் மெல்லெனப் பூசி, வால்வுத் தண்டில் எண்ணெய் தடவி, ரப்பர் கிண்ணம் பொருத்திய கோலால் கால் சுற்று இப்புறமும் அப்புறமுமாக உருட்ட வேண்டும். சில உருட்டலுக்கு ஒரு முறை வால்வைத் தூக்கி, வேறு இடத்தில் திருப்பி வைத்தல் வேண்டும். ஒரே இடத்தில் அரைத்தால் கோடுகள் விழும். முதலில் சொரசொரப்பான பசை, பிறகு நைசான பசை. பளபளப்பு வேண்டியதில்லை. சுற்றிலும் அறுபடாத, மங்கிய சாம்பல் நிற வளையம் தெரிந்தால் போதும். அதன்மேல் அரைப்பவன் எஞ்சினின் ஆயுளையே அரைக்கிறான்.

வளையத்தின் குறுக்கே பென்சிலால் கோடுகள் இட்டு, வால்வை வைத்துச் சற்றே திருப்பினால் எல்லாக் கோடுகளும் அழிய வேண்டும். பசை ஒரு துளியும் தங்காமல் மண்ணெண்ணெயில் கழுவுதல் மிக முக்கியம். தங்கிய பசை சிலிண்டரையே தின்றுவிடும். ஸ்பிரிங் பூட்டிய பின் வால்வு வழியில் மண்ணெண்ணெய் ஊற்றி, சில நிமிஷம் கசியாமல் நிற்கிறதா என்று பார்த்துக் கொள்ளலாம்.

அரைத்த வால்வு சீட்டில் சற்றே ஆழ்ந்து அமர்வதால் டேப்பெட் இடைவெளி குறையும். ஆதலால் அதைத் தயாரிப்பாளர் குறித்த அளவுக்குத் திரும்ப வைத்தல் வேண்டும். 1928 முதல் 1931 வரை செய்யப்பட்ட ஃபோர்டு ‘ஏ’ மாடல் காரில் அளவைத் திருத்தும் திருகு கிடையாது. வால்வுத் தண்டின் அடியைத் தேய்த்தே இடைவெளி வைக்க வேண்டும். தேய்த்தது அதிகமானால் ஒட்ட வைக்க முடியாது. ஆகையால் அவசரம் ஆகாது.

ஈயம் சேர்த்த பெட்ரோலில் ஓடிய கார்களுக்கு வேறொரு தொல்லையும் உண்டு. எரியும்போது அந்த ஈயம் சீட்டின்மீது மெல்லிய காப்பாகப் படிந்து வந்தது. இந்தியாவில் 2000-ம் ஆண்டில் ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது. அதன்பின், வார்ப்பிரும்பாலான சீட்டுகள் அதிக வேகத்திலும் பாரத்திலும் விரைவாய்த் தேயத் தொடங்கின. இத்தகைய காரில் இடைவெளி அடிக்கடி குறைந்து வந்தால், ஹெட்டில் கடின உலோகச் சீட் வளையம் பொருத்துவதே நிலையான பரிகாரம்.

வேலை முடிந்த எஞ்சினைச் சில மணி நேரம் ஓட்டியபின், ஹெட் போல்ட்டுகளைத் தயாரிப்பாளர் சொன்ன வரிசைப்படி மறுபடி இறுக்கி, இடைவெளியை இன்னொரு முறை அளந்து, தேதியுடன் எஞ்சின் புஸ்தகத்தில் குறித்தல் வேண்டும். பஞ்சாயத்து எஞ்சின்களைப் பொறுப்பில் வைத்திருக்கும் கிராமாதிகாரிகள் இக்குறிப்பைப் பார்த்தே அடுத்த பரிசோதனைக்கு நாள் வைக்கலாம்.