மெல்லிசான லேப்டாப், கனமான சந்தேகங்கள்

தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறேன். தோள்பட்டை வலி. ஒரு கிலோவுக்குள் டச் ஸ்கிரீன் உள்ள நல்ல லேப்டாப் சொல்லுங்கள். 900 கிராம் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன்.
கல்லூரி விரிவுரையாளர், திருச்சி

விளம்பரத்தில் போடுவது, கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிய பிறகு மிஞ்சும் எடை. மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் ப்ரோ ரகங்கள் சுமார் 900 கிராம்தான். ஆனால் கீபோர்டைச் சேர்த்தால் இன்னும் முந்நூறு கிராம் ஏறும். கீபோர்டு இல்லாமல் மதிப்பெண் பட்டியல் போடப் போகிறீர்களா? சார்ஜர் எடையை யாருமே சொல்வதில்லை. கடைக்குப் போனால் லேப்டாப், சார்ஜர், பேனா மூன்றையும் உங்கள் பையிலேயே போட்டு, தோளில் மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

ஒரு கிலோவுக்குக் கீழே வரும் மாடல்கள் பலவற்றில் டச் இருக்காது. மேல் கண்ணாடியை எடுத்துவிட்டுத்தான் எடையைக் குறைக்கிறார்கள். டச்சும் வேண்டும், நல்ல கீபோர்டும் வேண்டும் என்றால் 1.2 முதல் 1.4 கிலோ வரை மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். யுஎஸ்பி-சி வழியாக சார்ஜ் ஆகிற மாடலாகப் பார்த்து, 65 வாட் சின்ன சார்ஜர் ஒன்று தனியாக வாங்கிவிடுங்கள். கம்பெனி கொடுத்த செங்கல்லை வீட்டில் விட்டுவிடலாம். அப்புறம், பையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இருக்கிறதல்லவா? அது ஒரு கிலோ.

8 ஜிபி ரேம் போதும், பிறகு தேவைப்பட்டால் ஏற்றிக்கொள்ளலாம் என்கிறார் கடைக்காரர். சரியா?
எம்.ஏ. மாணவி, திருநெல்வேலி

தவறு. நீங்கள் பார்ப்பது மெல்லிய, விலை கூடிய ரகம். அவற்றில் பெரும்பாலும் ரேம் மதர்போர்டில் சாலிடர் செய்யப்பட்டிருக்கும். இன்டெல்லின் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் இன்னும் ஒரு படி மேலே போய், சிப்போடு சேர்த்தே ரேமை அடைத்துவிட்டார்கள்: 16 அல்லது 32, அவ்வளவுதான். கழற்றவும் முடியாது, கூட்டவும் முடியாது. "பிறகு ஏற்றிக்கொள்ளலாம்" என்ற பேச்சு, தடிமனான பழைய லேப்டாப் காலத்தோடு முடிந்துபோனது. அதை இன்றும் சொல்கிறவரிடம், "ரேம் ஸ்லாட் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

16 ஜிபிக்குக் குறைவாக வாங்காதீர்கள். பட்ஜெட் இடித்தால் ஸ்டோரேஜைக் குறையுங்கள். அதைப் பல மாடல்களில் பின்னால் மாற்றிக்கொள்ளலாம்.

நான் வழக்கறிஞர். கேஸ் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நடப்பது போதும் போதும் என்றாகிவிட்டது. எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கி டச் ஸ்கிரீன் லேப்டாப்பில் வைத்துக்கொள்ள ஆசை. டச் அவசியமா, ஆடம்பரமா? எந்த மாதிரி வாங்கலாம்?
வழக்கறிஞர், மதுரை

ஆடம்பரமாகவும் ஆகலாம், அவசியமாகவும் ஆகலாம். அதைத் தீர்மானிப்பவை இரண்டு: திரை மடங்குகிறதா, பேனா எழுதுகிறதா. இந்த இரண்டையும் கேட்காமல் "டச் இருக்கா?" என்று மட்டும் கேட்டு வாங்கி வருபவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. ஆறு மாதம் கழித்து அவர்களிடம் கேட்டால், திரையை விரலால் தொடுவது தூசி துடைக்கும்போது மட்டும்தான்.

கம்ப்யூட்டர் திரையைத் தொடுவது புதுச் சங்கதி அல்ல. 1983-லேயே எச்பி நிறுவனம் எச்பி-150 என்ற தொடுதிரைக் கம்ப்யூட்டரை விற்றது. திரையைச் சுற்றி ஓடும் அகச்சிவப்புக் கதிர்களை விரல் மறிப்பதை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கும். அது பரவவில்லை. 2012-இல் விண்டோஸ் 8-ஐக் கொண்டுவந்த மைக்ரோசாஃப்ட், எல்லோரும் திரையைத் தொட்டுத்தான் வேலை பார்ப்பார்கள் என்று நம்பி ஸ்டார்ட் மெனுவையே எடுத்துவிட்டது. ஜனங்கள் திட்டித் தீர்த்தார்கள். காரணம் சுலபம். நெட்டுக்குத்தலாக நிற்கும் திரையைத் தொட, கையை அந்தரத்தில் நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் தோள் கேள்வி கேட்கும். கீபோர்டிலிருந்து கையை எடுத்து, நீட்டி, தொட்டு, திரும்ப வைப்பதற்குள் டச்பேடில் வேலை முடிந்திருக்கும்.

ஆகவே, சாதாரணமாகத் திறந்து மூடும் லேப்டாப்பில் டச் என்பது கூடுதல் பணம், கூடுதல் கிராம், பேட்டரியில் கொஞ்சம் இழப்பு, முகம் பார்க்கலாம் போல் பளபளக்கும் கண்ணாடி. லாபம் சொற்பம். திரை கீழே படுத்தால்தான் டச்சுக்கு உயிர் வரும். மேஜையில் கிடத்தி, கையை அதன்மேல் ஊன்றி, பேனாவால் எழுதும்போது அது வேறு பொருளாகிவிடுகிறது. உங்கள் தொழிலில் எதிர்த்தரப்பு டைப்டு செட்டின் ஓரத்தில் குறிப்பு எழுத வேண்டும், தேதிக்கு அடிக்கோடு போட வேண்டும், ஜூனியருக்கு "இதைப் பார்" என்று வட்டம் போட வேண்டும். இதெல்லாம் மவுஸால் ஆகாது.

வடிவம் இரண்டு வகை. முதலாவது, திரை 360 டிகிரி சுழன்று கீபோர்டின் முதுகோடு ஒட்டிக்கொள்வது. லெனோவோ 2012-இல் யோகா என்ற பெயரில் கொண்டுவந்து பரவலாக்கியது. இப்போது டெல், எச்பி, ஏசுஸ் எல்லோரிடமும் உண்டு. மடியில் வைத்து டைப் அடிக்க இதுதான் உறுதி. ஆனால் 1.4 கிலோவை டேப்லெட் போல ஒரு கையில் ஏந்திக்கொண்டு நீதிமன்ற வராந்தாவில் நின்று படிக்க முடியாது. இரண்டாவது, சர்ஃபேஸ் ப்ரோ போல கீபோர்டைக் கழற்றும் வகை. நின்றபடி படிக்க இதுதான். மடியில் வைத்தால் பின்னால் இருக்கும் தாங்கி தொடையைக் குத்தும், ஆட்டம் காணும். நீங்கள் நின்று படிப்பது அதிகமா, உட்கார்ந்து அடிப்பது அதிகமா? மனுவை நீங்களே டைப் செய்பவர் என்றால் முதல் வகை. டைப்பிஸ்ட் வைத்திருப்பவர் என்றால் இரண்டாவது.

திரையின் நீள அகல விகிதத்தையும் பாருங்கள். 16:9 திரை சினிமா பார்க்கச் செய்தது. அதைச் செங்குத்தாகத் திருப்பினால் ஒல்லியாக நீண்டு நிற்கும். ஏ4 பக்கம் சிறுத்துப்போகும். 3:2 அல்லது 16:10 திரையில் பக்கம் ஏறக்குறைய முழுதாக உட்காரும். நாளெல்லாம் பிடிஎஃப் படிக்கிறவருக்கு இது பிராசசரைவிட முக்கியம்.

பேனா விஷயத்தில்தான் பலர் காசை விடுகிறார்கள். பேனாவுக்கும் திரைக்கும் இடையில் ஒரு மொழி உண்டு. மைக்ரோசாஃப்டின் எம்பிபி, வாக்கமின் ஏஇஎஸ், யுஎஸ்ஐ என்று அவை தனித்தனி. ஒன்றுக்குச் செய்த பேனா மற்றொன்றில் எழுதாது. ஆன்லைனில் நல்ல விலைக்குக் கிடைத்தது என்று ஐபேட் பேனாவை வாங்கிக்கொண்டு வந்து, "லேப்டாப்பில் கோளாறு" என்று என்னிடம் நிற்பவர்கள் உண்டு. கோளாறு லேப்டாப்பில் இல்லை. நுனியில் ரப்பர் வைத்த மலிவுக் குச்சி எல்லாத் திரையிலும் வேலை செய்யும். ஆனால் அதை வைத்துக் கையெழுத்து எழுதிப் பார்த்தால், மூன்றாம் வகுப்பில் நீங்கள் இதைவிட நன்றாக எழுதியது நினைவுக்கு வரும். பேனா பெட்டியில் வருகிறதா, தனி விலையா, சார்ஜ் செய்ய வேண்டுமா, செருகி வைக்க இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். செருகி வைக்க இடமில்லாத பேனா தொலையும். உங்கள் கையை முழுதாகத் திரையில் ஊன்றித் தமிழில் நாலு வரி எழுதுங்கள். உள்ளங்கை பட்ட இடத்தில் கோடு விழுந்தால் அந்த மாடல் வேண்டாம்.

கடைசியாக, விபத்துக் காப்பு வாரண்டியைச் சேர்த்து வாங்குங்கள். தொடுதிரையில் மேல் கண்ணாடியும் டிஸ்பிளேயும் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கும். கண்ணாடியில் ஒரு மூலை விரிந்தாலும் பெரும்பாலும் முழுத் திரையையும்தான் மாற்றுவார்கள். சாதாரண வாரண்டி அதைத் தொடாது.

டச் ஸ்கிரீன் உள்ள மேக்புக் எது?
பி.காம். மாணவர், சேலம்

இன்றுவரை கடைக்கு வந்த எந்த மேக்புக்கிலும் கிடையாது. நிமிர்ந்து நிற்கும் திரையைத் தொட்டால் கை ஓய்ந்துபோகும் என்று 2010-லேயே மேடையில் சொன்னவர் ஸ்டீவ் ஜாப்ஸ். டச் வேண்டாம், படிப்புக்கு நல்ல லேப்டாப் போதும் என்றால் மேக்புக் ஏர் தாராளமாக வாங்கலாம்.

ஸ்னாப்டிராகன் சிப் உள்ள லேப்டாப்பில் பேட்டரி நாள் முழுக்க வருகிறது என்கிறார்கள். நான் ஆடிட்டர் அலுவலகம் வைத்திருக்கிறேன். வாங்கலாமா?
பட்டயக் கணக்காளர், ஈரோடு

பேட்டரி பற்றிச் சொன்னது உண்மை. ஆனால் உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்னாப்டிராகன் ஏஆர்எம் வகைச் சிப். இன்டெல்லுக்கு எழுதிய சாதாரண மென்பொருள்களை விண்டோஸ் மொழிபெயர்த்து ஓட்டிவிடும். டிரைவர்களை அப்படி ஓட்ட முடியாது. டிரைவரை ஏஆர்எம்முக்கென்றே தனியாக எழுதியிருக்க வேண்டும். உங்கள் பிழைப்பே டிஜிட்டல் கையொப்ப டோக்கனில் இருக்கிறது. அதற்கு டிரைவர் உண்டு. பழைய ஸ்கேனருக்கும் உண்டு. டோக்கன் விற்றவரிடம் ஏஆர்எம் டிரைவர் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால், இன்டெல் கோர் அல்ட்ரா அல்லது ஏஎம்டி ரைசன். 2024-இல் வந்த கோர் அல்ட்ரா 200வி வரிசையே பேட்டரியில் நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது. ரிட்டர்ன் கெடு நாளன்று டோக்கனை லேப்டாப் கண்டுகொள்ளவில்லை என்றால் பேட்டரி எவ்வளவு மிச்சமிருந்து என்ன?

பில்லில் ஜிஎஸ்டி எண் போடச் சொல்ல வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

புது லேப்டாப், அலுமினிய உடல். சார்ஜ் போட்டபடி தொட்டால் மணிக்கட்டில் சுருசுருவென்கிறது. பயமாக இருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?
இல்லத்தரசி, கும்பகோணம்

பயப்படாதீர்கள் அம்மா. ஷாக் அடித்து ஆளைத் தூக்கும் சங்கதி அல்ல இது. சார்ஜருக்குள் மின் இரைச்சலைக் குறைக்க ஒரு சின்னக் கெப்பாசிட்டர் இருக்கும். அதன் வழியே மிக மெல்லிய கசிவு வரும். எர்த் சரியாக இருந்தால் அது தரைக்குப் போய்விடும். இல்லையென்றால் அலுமினியத்தில் தங்கி, தோலில் ஊறும். இரண்டு முனை பிளக்கில் இது சகஜம்.

மூன்று முனை பிளக் உள்ள ஒரிஜினல் சார்ஜரைப் போடுங்கள். அப்போதும் ஊறினால் தவறு லேப்டாப்பில் இல்லை, வீட்டில். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் எர்த் குழி காய்ந்துபோயிருக்கும். தண்ணீர் ஊற்றினாலே பல வீடுகளில் சரியாகிறது. சுருசுருப்பாக இல்லாமல் பளிச்சென்று அடித்தால் மட்டும் உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

மகன் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிறான். மெல்லிசாக, டச்சோடு, பார்க்க அழகாக ஒன்று கேட்கிறான்.
ஒரு தந்தை, கோயம்புத்தூர்

வேண்டாம். முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருள்களுக்குத் தனி கிராஃபிக்ஸ் சிப்பும் சூடு வெளியேற இடமும் வேண்டும். மெல்லிய உடலில் இரண்டும் கஷ்டம். இரண்டு கிலோ தூக்கட்டும். இந்த வயதில் தூக்காமல் எப்போது தூக்குவான்?

ஓஎல்இடி திரை நல்லதா? ஆய்வேட்டைத் தமிழில் எழுத வேண்டும், ஒரு நாளில் எட்டு மணி நேரம் திரையைப் பார்க்கிறேன்.
ஆய்வு மாணவி, சென்னை

கடையில் பார்த்தால் ஓஎல்இடிதான் மனதை அள்ளும். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தை நாளெல்லாம் பார்ப்பவருக்கு அதன் பெருமை பாதி வீண். வெள்ளைத் திரையில் அது மின்சாரமும் அதிகம் குடிக்கும். வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் சில ஓஎல்இடி திரைகள் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும். சிலருக்கு அதனால் தலைவலி வரும், சிலருக்கு ஒன்றும் ஆகாது. கீழே டாஸ்க்பார் எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் வருடக்கணக்கில் அதன் நிழல் பதியவும் வாய்ப்புண்டு. உங்களுக்கு 400 நிட்ஸ் வெளிச்சம் உள்ள நல்ல ஐபிஎஸ் திரையே போதும், கிடைத்தால் பளபளப்பில்லாத மேல்பூச்சோடு. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள்.

ஒரே மாடல் பெயரில் நல்ல திரையும் மட்டமான திரையும் விற்கிறார்கள். பெயரைப் பார்த்து வாங்காமல், பெட்டியில் உள்ள முழு மாடல் எண்ணைக் கம்பெனி தளத்தில் போட்டுப் பாருங்கள். தமிழ் தட்டச்சுக்கென்று லேப்டாப் தேட வேண்டியதில்லை; விண்டோஸிலேயே தமிழ்99 இருக்கிறது. ஆய்வேடு எழுதுகிறவர் இன்னும் பாமினியில் அடித்துக்கொண்டிருந்தால், லேப்டாப்புக்கு முன் அதை மாற்றுங்கள்.

தொடுதிரையை எதைக் கொண்டு துடைப்பது?
வாசகர், விருதுநகர்

மைக்ரோஃபைபர் துணி, லேசான ஈரம். ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கும் நீலத் திரவம் கூடவே கூடாது, மேல்பூச்சு உரிந்துவிடும். வேட்டி நுனியும் வேண்டாம்.

அமெரிக்காவில் இருக்கும் மகள் அடுத்த மாதம் வருகிறாள். அங்கேயே வாங்கி வரச் சொல்லட்டுமா?
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், நாகர்கோவில்

பதினெட்டு வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப் கொண்டுவரச் சுங்கவரி இல்லை. சார்ஜரும் நம் ஊர் 230 வோல்ட்டைத் தாங்கும். பிளக் மட்டும் மாற வேண்டும். சிக்கல் பழுதில்தான். அந்த மாடல் இந்தியாவில் விற்காததாக இருந்தால் தொடுதிரை இங்கே கிடைக்காமல் மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும். சர்வதேச வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்கிவிட்டு முடிவு செய்யுங்கள். விலை வித்தியாசம் சின்னதாக இருந்தால் நாகர்கோவிலிலேயே வாங்குங்கள். மகளிடம் வேறு ஏதாவது கேளுங்கள்.

ரீஃபர்பிஷ்டு கடையில் திங்க்பேட் எக்ஸ்1 யோகா பாதி விலைக்கும் கீழே சொல்கிறார்கள். நம்பலாமா?
போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், தருமபுரி

நம்பலாம், தேதி பார்த்து. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 முறையாக ஏற இன்டெல் 8-ஆம் தலைமுறையாவது வேண்டும். எக்ஸ்1 யோகாவில் அது 2018 மாடலிலிருந்து. பேனா செருகியிருக்கிறதா, ஹிஞ்ச் இரண்டு பக்கமும் ஒரே இறுக்கமா, டச்பேட் மேடாக எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். எழும்பியிருந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். 7-ஆம் தலைமுறை என்றால் எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள்.