காரின் உயரத்தைக் குறைக்கலாமா?

தோட்டத்து இளைஞர்கள் சிலர், பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் ஒரு பழைய காரை வாங்கியதும் முதலில் செய்ய விரும்புவது அதன் உயரத்தைக் குறைப்பதாகும். தரையோடு தாழ்ந்து செல்லும் கார் கண்ணுக்கு அழகாகத் தோன்றலாம். ஆயினும் அந்த அழகுக்காக ஓட்டுபவரின் உயிரையும் உடன் செல்வோரின் உயிரையும் பணயம் வைத்தல் ஆகாது. ஆகவே, இந்த வேலையின் தன்மையை நாம் அறிந்துகொள்வது நலம்.

எடுத்துக்காட்டாக, டபிள்யூ 124 என்னும் மெர்சிடிஸ் பென்ஸ் வகையை எடுத்துக்கொள்வோம். 1984ஆம் ஆண்டின் இறுதியில் அறிமுகமாகி, 1990களின் நடுப்பகுதி வரை உற்பத்தியான கார் இது.

திண்டின் வேலை

சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கரத்திற்கும் காரின் உடலுக்கும் இடையே சுருள் ஸ்பிரிங் நிற்கின்றது. ஸ்பிரிங்கின் மேல்முனை இரும்பின் மேல் நேராக உராயாதபடி, வளையம் போன்ற ஒரு ரப்பர்த் திண்டு வைக்கப்பட்டிருக்கும். அது ஓசையையும் அதிர்வையும் தடுப்பதோடு, காரின் உயரத்தைச் சரிசெய்யும் கருவியாகவும் பயன்படுகின்றது.

இத்திண்டின் விளிம்பில் சிறு குமிழ்கள் காணப்படும். அவற்றை எண்ணினால் திண்டின் கனம் தெரியும். முன்சக்கரத் திண்டுகளில் ஒரு குமிழ் உள்ளது 8 மில்லிமீட்டர். இரண்டு உள்ளது 13. மூன்று உள்ளது 18. நான்கு உள்ளது 23. குளிர்சாதனம் போன்ற கூடுதல் கருவிகளின் எடைக்கேற்ப ஸ்பிரிங்கையும் திண்டையும் தேர்ந்தெடுத்துப் பொருத்துவது அத்தொழிற்சாலையின் முறையாகும்.

நான்கு குமிழ்த் திண்டை எடுத்துவிட்டு ஒரு குமிழ்த் திண்டை வைத்தால், கனம் 15 மில்லிமீட்டர் குறையும். ஆனால், கார் அதைவிடக் கூடுதலாகத் தாழும். ஏனெனில், ஸ்பிரிங் சக்கரத்தின் மேல் நேராக நிற்பதில்லை. கரத்தின் நடுவே ஓரிடத்தில் நிற்கின்றது. கரத்தின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குத் தொலைவில் ஸ்பிரிங் இருப்பதாகக் கொண்டால், 15 மில்லிமீட்டர் மாற்றம் சக்கரத்தருகே ஏறக்குறைய 22 மில்லிமீட்டராகும்.

செய்யத் தகாதவை

புதுத் திண்டு வாங்குவதற்குப் பதிலாகப் பழைய திண்டையே கத்தியால் சீவி மெலிதாக்குவோர் உண்டு. கையால் சீவிய திண்டு எல்லாப் பக்கமும் ஒரே கனமாக இராது. ஸ்பிரிங் சாய்ந்து நிற்கும். திண்டை அறவே நீக்கிவிட்டாலோ இரும்போடு இரும்பு உராயும், மேற்பூச்சு உரியும், துருப்பிடிக்கும், நாளடைவில் ஸ்பிரிங் முறியவும் கூடும்.

இவற்றினும் கொடியது, ஸ்பிரிங்கை வெட்டுவதும் நெருப்பில் காய்ச்சித் தாழ்த்துவதும் ஆகும். நெருப்பில் காய்ச்சினால் எஃகின் பதம் கெடும். வெட்டினால் சுற்றுகள் குறைந்து ஸ்பிரிங் விறைப்பாகும். வெட்டிய முனையும் அதற்குரிய இருக்கையில் சரியாக அமராது.

உயிருக்கு ஆபத்து

காரின் எடையைத் தாங்கும் ஸ்பிரிங் பெரும் விசையோடு அழுந்தி நிற்கின்றது. அந்த விசையை அடக்காமல் கரத்தையோ அதிர்வுத்தாங்கியையோ கழற்றினால், ஸ்பிரிங் துள்ளி வெளிவந்து எதிரில் இருப்பவரைக் கொன்றுவிடவும் கூடும். அதிர்வுத்தாங்கியே கரத்தை அளவுக்கு மேல் இறங்காமல் பிடித்துக்கொண்டிருக்கும் அமைப்புகள் உண்டு என்பதை மறத்தல் கூடாது. இவ்வேலைக்கு ஸ்பிரிங்கின் உட்புறம் செலுத்தி இறுக்கும் தனிக்கருவி தேவை. ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் நுழைவதும், கம்பியால் ஸ்பிரிங்கைக் கட்டிவிட்டு வேலை செய்வதும் அறிவுடைமை ஆகா. அக்கருவியும் பயிற்சியும் உள்ள பட்டறையிடம் ஒப்படைப்பதே முறை.

முறைப்படி செய்வது எப்படி?

முதலில், காரைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்காட்டின் விளிம்பு வரை நான்கு மூலைகளிலும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். பழைய காரின் ஸ்பிரிங் ஏற்கெனவே தளர்ந்து தாழ்ந்திருக்கலாம். அப்படியாயின் மேலும் தாழ்த்துவது தவறு. இப்போது உள்ள திண்டில் எத்தனை குமிழ்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு குமிழ்த் திண்டே இருக்குமானால், இவ்வழியில் மேலும் குறைக்க இடமில்லை.

திண்டுகளை இடமும் வலமும் சேர்த்தே மாற்ற வேண்டும். கரத்தின் ரப்பர் புஷ்களைப் பிடிக்கும் போல்ட்டுகளை, கார் தன் எடையோடு சக்கரங்களின் மேல் நிற்கும்போதுதான் இறுதியாக முறுக்க வேண்டும். இல்லையேல் புஷ்கள் திருகி விரைவில் கிழியும். பிறகு சக்கரச் சீரமைப்பு அவசியம். கார் தாழும்போது சக்கரங்களின் மேற்பகுதி உட்புறம் சாயும். டயரின் உள்விளிம்பு தேயும். இவ்வகைக் காரின் பின்சக்கரச் சாய்வைத் திருத்தத் தொழிற்சாலை தனி ஏற்பாடு செய்யவில்லை. ஆகவே, மிகையாகத் தாழ்த்துவோர் அடிக்கடி டயர் வாங்க நேரிடும். முகப்பு விளக்குகளின் ஒளி விழும் இடத்தையும் சரிபார்த்தல் வேண்டும்.

நம் சாலைகளை எண்ணுவோம்

தோட்டத்துச் செம்மண் சாலையில் மழைக்காலத்தில் லாரிச் சக்கரங்கள் பள்ளம் பறித்து, நடுவே மேடு எழும்பி நிற்கும். தாழ்ந்த காரின் எண்ணெய்த் தொட்டி அந்த மேட்டில் இடித்து உடைந்தால், எண்ணெய் வழிந்தோடி இயந்திரமே பாழாகும். குடும்பத்தினர் ஐவரோடும் மூட்டைகளோடும் திருவிழாவுக்குச் செல்லும்போது, ஸ்பிரிங் அசைய இடமின்றிக் கார் அடிக்கடி தட்டும். பள்ளத்தில் சக்கரம் தரையோடு ஒட்டாமல் துள்ளும். அந்நேரம் பிரேக் பிடித்தால் கார் எதிர்பார்த்த இடத்தில் நில்லாது.

சட்டத்தையும் மறத்தல் ஆகாது. மலேசியாவில் வாகனத்தின் அமைப்பை மாற்றுவது 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. ஆதலால், வேலையைத் தொடங்கும் முன்னரே சாலைப் போக்குவரத்துத் துறையிடம் விசாரித்துக்கொள்வது நன்று.

சுருங்கக் கூறின், ஒருபுறம் சாய்ந்த காரை நிமிர்த்தவும் முன்னும் பின்னும் உயரத்தைச் சமன்செய்யவும் ஏற்பட்டதே இத்திண்டு. அந்த எல்லைக்குள் பயன்படுத்தினால் நன்மை உண்டு. எல்லை கடந்தால், உழைத்துச் சேர்த்த பொருளுக்கும் உயிருக்கும் கேடு விளையும். இளைஞர்கள் இதனைச் சிந்தித்துச் செயல்படுவார்களாக!