கண்டதை எழுது, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "தமிழில் தேடினால் வேலை செய்யவில்லை, அவசரம், உதவுங்கள்" என்று எழுதிப் போட்டு நான்கு நாளாகியும் ஒருவரும் பதில் சொல்லவில்லை, கட்டற்ற மென்பொருள்காரர்கள் புதியவர்களை மதிப்பதில்லை என்று வருந்தியிருக்கிறாய். வருத்தம் புரிகிறது. ஆனாலும் அந்த வரியை இன்னொரு முறை படித்துப் பார். எந்தச் சொல்லைத் தேடினாய்? எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை? எந்தப் பதிப்பு? சிக்கெடுக்க வருகிறவர் கைக்கு நூலின் நுனியாவது வேண்டாமா?

நானும் இதே இடத்தில் தவறியவள்தான். பல வருடங்களுக்கு முன் ஒரு சொற்பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தேன். பலர் தட்டச்சு செய்து அனுப்பிய கோப்புகளை ஒன்றாகச் சேர்த்திருந்தேன். 'கொடி' என்று தேடினால் சில இடங்களில் கிடைத்தது, சில இடங்களில் கிடைக்கவில்லை. கண்ணெதிரே இருக்கிற சொல்லை இல்லை என்றது கணினி. "உங்கள் மென்பொருளுக்குத் தமிழே தெரியவில்லை" என்று கோபத்தில் எழுதிவிட்டேன். அந்த மென்பொருளை உருவாக்கியவர்களில் ஒருவர், தமிழில் ஓரெழுத்தும் அறியாதவர், திருப்பிக் கோபப்படவில்லை. கிடைத்த சொல்லையும் கிடைக்காத சொல்லையும் தனித்தனியே எடுத்து நீளம் பார்க்க முடியுமா என்று மட்டும் கேட்டார்.

பைத்தானில் பார்த்தேன். ஒரு 'கொடி'யின் நீளம் 4. இன்னொரு 'கொடி'யின் நீளம் 5. முதலாவதில் ஒகரக் குறி முழுதும் ஒரே யூனிகோடு எண்ணாக இருந்தது. இரண்டாவதில் ஒற்றைக்கொம்பு ஓர் எண், துணைக்கால் ஓர் எண். திரையில் இரண்டுக்கும் மயிரிழை வேறுபாடும் இல்லை. இரண்டும் சமம் என்றுதான் யூனிகோடு விதி சொல்கிறது. ஒப்பிடுவதற்கு முன் ஒரே வடிவுக்குக் கொண்டுவர என்எஃப்சி என்ற முறையும் இருக்கிறது. அப்படி மாற்றியதும் எல்லாக் 'கொடி'யும் கிடைத்தன. 'கௌரவம்' மட்டும் சில இடங்களில் அப்போதும் கிடைக்கவில்லை. யாரோ ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பையும் அடுத்து ளகர எழுத்தையும் தட்டியிருந்தார்கள். அது வேறு எழுத்து. என்எஃப்சி அதைச் சேர்த்துவைக்காது. கையால்தான் திருத்தினேன். மென்பொருளிலும் குறை இருந்தது, என் கோப்பிலும் குறை இருந்தது. கோபத்தில் எழுதிய வரியில் இந்த இரண்டில் ஒன்றுகூட இல்லை.

அன்று படித்த பாடத்தைத்தான் உனக்குச் சொல்கிறேன். கண்டது வேறு, நினைத்தது வேறு. 'தேடல் பழுது' என்பது நான் நினைத்தது. 'இந்த வரியில் கிடைக்கிறது, அந்த வரியில் கிடைக்கவில்லை' என்பது நான் கண்டது. முதலில் கண்டதை எழுது. ஊகம் இருந்தால் அதையும் எழுது, ஊகம் என்று சொல்லி எழுது.

என்ன செய்தாய், என்ன வரும் என்று நினைத்தாய், என்ன வந்தது: இந்த மூன்றும் இருந்தால் பிழையறிக்கைக்கு உயிர் வந்துவிடும். எரர் மெசேஜை உன் சொற்களில் சுருக்காதே, வந்தபடியே ஒட்டு. ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்பினால் அதிலிருந்து ஒரு சொல்லைக்கூட எளிதில் எடுத்துத் தேட முடியாது. பெரிய கோப்பில் பிழை வந்தால் பாதியை வெட்டிவிட்டு மறுபடி ஓட்டு. அதிலும் பாதியை வெட்டு. கடைசியில் இரண்டு மூன்று வரிதான் மிஞ்ச வேண்டும். பலமுறை வெட்டும்போதே விடை எனக்குத் தெரிந்துவிட்டிருக்கிறது. பழைய பதிப்பில் சரியாக இருந்தது, புதியதில் கெட்டது என்றால் கிட் பைசெக்ட் என்ற கட்டளை இருக்கிறது. நல்ல கமிட் ஒன்றையும் கெட்ட கமிட் ஒன்றையும் காட்டினால் நடுவில் உள்ளதை எடுத்து உன் முன் வைக்கும். இடையில் 1,000 மாற்றங்கள் இருந்தாலும் ஏறத்தாழ 10 சோதனையில் பிழை நுழைந்த இடம் தெரிந்துவிடும்.

2024 மார்ச்சில் நடந்ததை நீ அறிந்திருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குபவர்களில் ஒருவரான ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட், டெபியன் லினக்ஸின் நிலைப்படாத பதிப்பான சிட்டில் வேக அளவீடு செய்துகொண்டிருந்தார். சுமார் 0.3 வினாடியில் முடிய வேண்டிய எஸ்எஸ்ஹெச் லாகின் 0.8 வினாடி எடுத்தது. அரை வினாடிதானே என்று அவர் விட்டுவிடவில்லை. துருவிக்கொண்டே போனதில், எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக்கதவு ஒன்று அகப்பட்டது. மார்ச் 29 அன்று எல்லோருக்கும் அறிவித்தார். நிலையான லினக்ஸ் பதிப்புகளுக்குப் பரவுமுன் அடைத்துவிட்டார்கள். அந்த அறிவிப்பில் தான் அளந்த நேரத்தைக் கொடுத்தார். தான் பாதுகாப்பு ஆய்வாளர் இல்லை, இன்னும் ஆராயாதவை நிறைய இருக்கின்றன என்றும் எழுதினார். தெரிந்ததும் தெரியாததும் தனித்தனியாக நின்றதால் மற்றவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது.

அதே கதையில் நெஞ்சை உறுத்தும் பக்கம் ஒன்றும் உண்டு. அந்தக் கருவியைச் சம்பளமில்லாமல் பல வருடம் கவனித்துவந்தவர் ஒரே மனிதர். 2022இல் அவர் சோர்ந்திருந்த வேளையில், முன்பின் தெரியாத பெயர்களில் வந்தவர்கள் ஏன் இத்தனை தாமதம், பொறுப்பை வேறு ஆளிடம் கொடுங்கள் என்று நெருக்கினார்கள். உதவ வந்தவர் என்று நம்பிப் பொறுப்பு கொடுத்த பெயரிலிருந்துதான் பின்னால் கள்ளக்கதவு வந்தது. அவருக்குத் தோள்கொடுக்க நாலு பேர் இருந்திருந்தால் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

ஆகவே தம்பி, 'அவசரம்' என்று எழுதுவதற்கு முன் மறுமுனையை நினைத்துப் பார். பகல் வேலை முடிந்து, பிள்ளைகள் தூங்கியபின், தனக்கென்று மிஞ்சிய ஒரு மணி நேரத்தில் உன் கேள்வியைத் திறக்கிறார் ஒருவர். அதில் பத்து நிமிடத்தை உன் தெளிவான வரிகள் மிச்சப்படுத்தினால் அதுவும் பங்களிப்புதான். பேட்ச் எழுதத் தெரிந்த பிறகுதான் பங்களிக்கலாம் என்று காத்திருக்காதே.

விடை கிடைத்ததும் "சரியாகிவிட்டது, நன்றி" என்று போய்விடாதே. எப்படிச் சரியானது என்று இரண்டு வரி எழுதிவை. அடுத்த வருடம் வேறு ஊரில் இன்னொரு பிள்ளை இதே சொல்லைத் தேடித் தவிக்கும்.

உன் கேள்வியை இன்றிரவே திருத்தி எழுது. தேடிய சொல் எது என்பதிலிருந்து தொடங்கு. அதற்கு முன் நீளத்தையும் ஒருமுறை பார்த்துவிடு.

அன்புடன்,
அக்கா