‘டிவிஆர் மாட்டினதுல இருந்து நெட் ஸ்லோ’

அன்புள்ள தம்பிக்கு,

கேமரா மாட்டும் தொழிலுக்கு வந்திருக்கிறாய். இனி உன் போனில் அடிக்கடி கேட்கப்போகும் வாசகம் இது: "நீங்க அந்தப் பெட்டியை மாட்டிட்டுப் போனதுல இருந்து நெட் சுத்திக்கிட்டே இருக்குங்க." சொல்கிறவர் பொய் சொல்வதில்லை. அவர் வீட்டில் நெட் உண்மையாகவே சுற்றிக்கொண்டிருக்கும். காரணத்தைத்தான் அவர் ஊகித்துச் சொல்கிறார். "எங்க பெட்டியால ஒண்ணும் ஆகாது, கேபிள்காரரைக் கேளுங்க" என்று நீ பதில் சொன்னால், அதுவும் ஊகம்தான். வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒன்றைக் கண்டுபிடி: அந்த வீட்டில் வீடியோ எந்த வழியாகப் போகிறது?

கோஆக்சியல் வயரில் கேமராவை இழுத்து டிவிஆரில் செருகிய வீடு என்றால் பாதி வேலை முடிந்தது. படம் வயர் வழியாக வந்து ஹார்ட் டிஸ்கில் இறங்குகிறது. நெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வீட்டுக்காரர் முன்னாலேயே டிவிஆரின் லேன் கேபிளைப் பிடுங்கிக் காட்டு. ரெக்கார்டிங் பாட்டுக்கு ஓடும். ஐபி கேமராவும் என்விஆரும் போட்ட வீட்டில் கணக்கு கொஞ்சம் மிரட்டும். 2 மெகாபிக்சல் கேமரா ஒன்றுக்கு 4 எம்பிபிஎஸ் வைத்தால் நான்குக்கு 16. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 173 ஜிபி; 1 டிபி டிஸ்க் ஆறு நாளுக்குள் நிரம்பிவிடும். இவ்வளவும் சுவிட்சுக்கும் என்விஆருக்கும் நடுவில், வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. வாசல் தாண்டி வரும் ஃபைபருக்கு இதில் ஒரு சொட்டுகூடப் போவதில்லை.

ரெக்கார்டர் மேல் விழும் இந்தப் பழி, டிவி நிகழ்ச்சியைப் பதிவுசெய்யும் பெட்டிகளின் காலத்திலிருந்தே இருக்கிறது. அங்கே அது சில வீடுகளில் உண்மையாகவும் இருந்தது. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் 2006-இல் தொடங்கிய யூ-வெர்ஸ் சேவையில் டிவியும் இன்டர்நெட்டும் ஒரே டெலிபோன் கம்பியில் வந்தன. யாரும் டிவி பார்க்காத நேரத்திலும் பெட்டி ஒரு எச்டி சேனலைப் பதிவுசெய்துகொண்டிருந்தால், அதற்கான சில எம்பிபிஎஸ் அதே கம்பியிலிருந்துதான் போகும். இரண்டு மூன்று நிகழ்ச்சிகள் ஒரே சமயத்தில் பதிவானால் கம்ப்யூட்டரில் இருப்பவருக்கு வேகம் குறைவது கண்ணுக்கே தெரியும். கேபிள் டிவி வயரிலிருந்து பதிவுசெய்த டிவோ பெட்டிக்கும், நம் ஊரில் 2008-இல் வந்த, டிஷ் ஆன்டெனாவிலிருந்து பதிவுசெய்த டாடா ஸ்கை பிளஸ்ஸுக்கும் அந்தச் சிக்கல் கிடையாது. வேலை ஒன்று, வழி வேறு. அதனால்தான் பெட்டியின் பெயரைக் கேட்டு முடிவுக்கு வராதே என்கிறேன்.

இனி உண்மையான வில்லனுக்கு வருவோம். அப்லோட்.

தோட்டத்து வீடு ஒன்றை வைத்துக்கொள். ஃபைபர் போகாத இடம், சிம் போட்ட ரவுட்டர். அப்பா அம்மா மட்டும் இருக்கிறார்கள், மகன் துபாயில். பாசக்காரப் பிள்ளை, பழைய டேப்லெட் ஒன்றைச் சுவரில் மாட்டி நான்கு கேமராவையும் காலையிலிருந்து இரவு வரை ஓடவிட்டிருக்கிறான், அதுவும் மெயின் ஸ்ட்ரீமில். கேட்பது 16 எம்பிபிஎஸ். ரவுட்டரால் மேலே அனுப்ப முடிவது 4 அல்லது 5. இங்கே அம்மாவுக்கு யூடியூப் சுற்றுகிறது, வாட்ஸ்அப் கால் விட்டு விட்டுக் கேட்கிறது. நீ போய் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் டவுன்லோட் பரவாயில்லாமல் காட்டவும் காட்டலாம். இந்த இடத்தில்தான் நம் பையன்கள் குழம்பிப்போய் "பெரிய பிளானுக்கு மாறுங்க" என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். டவுன்லோட் எண்ணை மட்டும் ஏற்றும் பிளானுக்கு மாறினால் அந்தப் பெரியவரின் பணம்தான் போகும்.

அனுப்பும் வழி நிரம்பினால் வாங்கும் வழி ஏன் சுணங்க வேண்டும்? அந்தக் காலத்துப் பதிவுத் தபாலுக்கு ஒப்புதல் அட்டை திரும்பிப் போன மாதிரி, இறங்கும் டேட்டாவுக்கும் "வந்து சேர்ந்தது" என்ற சின்னச் சின்ன பதில்களை போன் மேலே அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பதில் வந்தால்தான் எதிர்முனை அடுத்ததை அனுப்பும். துபாய்க்குப் போகும் வீடியோவுக்குப் பின்னால் அந்தப் பதில்களும் வரிசையில் நிற்கின்றன. ரவுட்டரும் கொள்ளாததை உடனே தள்ளிவிடாமல், தன் மெமரியில் குவித்து வைத்துக்கொண்டே போகிறது. 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் இந்த நோயை விளக்கி எழுதினார். அதற்குப் ‘பஃபர்புளோட்’ என்று பெயர். 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். எஸ்க்யூஎம் என்ற வசதி உள்ள ரவுட்டர்களில் இந்த வகை மருந்துதான் வேலை செய்கிறது. ஆனால் நீ போகும் வீடுகளில் கம்பெனிக்காரன் இலவசமாகக் கொடுத்த பெட்டிதான் இருக்கும். அதில் இந்த வசதியை எதிர்பார்க்காதே.

கண்டுபிடிக்க உன் லேப்டாப்பே போதும். முதலில் ரவுட்டருக்கே பிங் போடு, 192.168.1.1 மாதிரி என்ன முகவரியோ அதற்கு. பிறகு 8.8.8.8-க்குப் போடு. மகனிடம் சொல்லி ஆப்பை மூடச் சொல், ஒரு நிமிடம் பார். திறக்கச் சொல், மறுபடி பார். ரவுட்டர் பிங் ஒற்றை இலக்கத்தில் அசையாமல் நின்று, வெளி பிங் மட்டும் 40-லிருந்து 600, 800 என்று ஏறினால் அடைப்பு அப்லோடில். ரவுட்டர் பிங்கே தாறுமாறாகக் குதித்தால் வெளியே தேடாதே, வைஃபையைப் பார். மூலையில் ஒற்றைக் கோடு சிக்னலில் தொங்கும் வைஃபை கேமரா ஒன்று, மெதுவாகப் பேசியே 2.4 கிகாஹெர்ட்ஸ் நேரத்தையெல்லாம் தின்றுவிடும். அந்தக் கேமராவுக்கு வயர் இழு. வேறு பேச்சு வேண்டாம்.

அப்லோட் அடைப்புக்கு வைத்தியம் எளிது. ஆப்பில் பார்ப்பதைச் சப் ஸ்ட்ரீமுக்கு மாற்று. 512 கேபிபிஎஸ் போதும்; நான்கும் சேர்ந்தாலே 2 எம்பிபிஎஸ்தான். வாசலில் நிற்பது பால்காரரா, கூரியர்காரரா என்று அதில் தெரியும். டிஸ்கில் பதிவாவது மெயின் ஸ்ட்ரீமில் தெளிவாக இருக்கட்டும், அதைக் குறைக்காதே. கேமரா தாங்கினால் எச்.265 போடு. கிளவுடில் 24 மணி நேரமும் பதிவாகும் கேமராவை மட்டும் தனியாகக் கவனி. 2 எம்பிபிஎஸ் கேமரா நான்கு இருந்தால் மாதம் சுமார் 2600 ஜிபி மேலே போகும். 3300 ஜிபி வரம்புள்ள ‘அன்லிமிடெட்’ பிளானில் அப்லோடையும் கணக்கில் சேர்த்தால் வீட்டாருக்கு மிச்சம் எவ்வளவு என்று நீயே கழித்துப் பார்.

எல்லாம் சரியாக இருந்தும் நெட் வருவதும் போவதுமாக இருந்தால், டிவிஆருக்கு நீ கையால் போட்ட ஐபியை ரவுட்டர் யாருடைய போனுக்காவது கொடுத்திருக்கிறதா என்று பார்.

யாரும் ஆப்பைத் திறக்காமலே அப்லோட் ஓடிக்கொண்டிருக்கும் வீடும் உண்டு. அங்கே சந்தேகப்பட வேண்டியது பெட்டியைத்தான். 2016 அக்டோபர் 21-இல் மிராய் என்ற நிரல், கம்பெனி பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட டிவிஆர்களையும் கேமராக்களையும் படையாகத் திரட்டி, இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியது. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்குத் திறக்கவில்லை. அந்தப் பெட்டிகளின் சொந்தக்காரர்களில் எத்தனை பேர் "நெட் ஸ்லோ" என்று மட்டும் நினைத்திருப்பார்களோ! ஃபர்ம்வேரை அப்டேட் செய், யூபிஎன்பி-யை அணை. எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைக்கும் நம் தொழில் வழக்கத்தை நீயாவது விடு. ஆளுக்கொன்று வைத்து, அதை வீட்டுக்காரர் கையில் எழுதிக் கொடு.

அப்புறம், கேமரா மாட்டப் போனதும் ஏணியை இறக்குவதற்கு முன்னால் ஸ்பீடு டெஸ்ட் போடு. டவுன்லோட், அப்லோட், பிங் மூன்றையும் எஸ்டிமேட் தாளின் பின்பக்கத்தில் தேதியோடு எழுதி, வீட்டுக்காரரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்.

அன்புடன்,
அண்ணன்